ஆகஸ்டில் வடக்கே போனவள்

1

இந்தக் கதை என் சட்டைமேல் சொட்டியது. அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, நடந்ததே அதுதான்.

ஆகஸ்ட் பிறந்தால் எஷ் நகரத்தில் எங்கள் கட்டடம் காலியாகிவிடும். கொத்தனார், டைல்ஸ் போடுகிறவர், பெயின்டர் என்று குடியிருப்பவர்கள் எல்லோரும் போர்த்துகீசியர்கள். லக்சம்பர்க்கில் கட்டட வேலை முழுக்க அந்த மாதம் மொத்தமாக நின்றுவிடும், கிரேன்கூட அசையாது. காரின் கூரையில் சாமான்களைக் கட்டிக்கொண்டு எல்லோரும் சொந்த ஊருக்குப் பறந்துவிடுவார்கள். நானும் போர்த்துகீசியன்தான், ஆனால் நான் மட்டும் போவதில்லை. தொடர்கதைக்கு ஆகஸ்ட் விடுமுறை தெரியாது.

பால்கனியில் சட்டைகளை உலர்த்திவிட்டு எழுத உட்கார்ந்தேன். மேலிருந்து தண்ணீர் ஒழுகியது. மேல்வீட்டு அர்லிந்து இரண்டு நாள் முன்பே குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டான். வீடு புகுந்த திருடன் எவனும் செடிக்குத் தண்ணீர் ஊற்றமாட்டானே என்று யோசித்துக்கொண்டே படியேறிக் கதவைத் தட்டினேன்.

ஐம்பதை நெருங்கும் குள்ளமான பெண்மணி ஒருத்தி, கையில் பூவாளியோடு நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க. காலையிலேயே ஒரு தடவை ஊத்திட்டேன். வேற வேலை இல்லை, அதான் இன்னொரு தடவை ஊத்தினேன்."

"கோசுக்கீரை அழுகிப்போயிடும்மா."

"கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தா நான் அழுகிப்போயிடுவேன்."

அவள் பெயர் இடலீனா. அர்லிந்துவின் பெரியப்பா மகள். அவள் கதையை எழுதலாமா என்று கேட்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "நான் அழுதேன்னு மட்டும் எழுதாதீங்க."

சரி என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்ற நான் பட்ட பாடுதான் அடுத்த பகுதி.

2

முதல் தொடக்கம்:

பேருந்தின் ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்திருந்த இடலீனாவின் கன்னத்தில் ஒரு துளி —

(அடித்துவிட்டேன். வாசித்துக் காட்டியபோது அவள் சொன்னது: "எந்த ஜன்னல்? பஸ்ஸே காலி. நான் டிரைவர் பக்கத்துல உக்காந்து அவன் மாமியார் கதையைக் கேட்டுக்கிட்டு வந்தேன்.")

இரண்டாவது தொடக்கம்:

சாம்பல் நிற வானத்தின் கீழ் அந்நிய நகரம் அவளை —

(வேண்டாம். அன்று நல்ல வெயில். அந்நிய நகரத்தில் முதல் காலடி வைப்பவர்கள் எல்லோர் தலைக்கு மேலும் சாம்பல் வானத்தைக் கட்டித் தொங்கவிடுவது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம்.)

மூன்றாவது தொடக்கம் நிற்கிறது. கதை அங்கேதான் உண்மையில் தொடங்குகிறது:

போன வருஷம் ஜூலைக் கடைசியில், போர்த்துகலில் ஃபெல்கெய்ராஸ் ஊரின் காலணித் தொழிற்சாலை ஒன்றில், முதலாளி வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். "நல்லா ஓய்வெடுங்க. செப்டம்பர் ஒண்ணாம் தேதி பாப்போம்" என்றார். இடலீனா அங்கே செருப்பின் மேல்தோலைத் தைப்பவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த மெஷின்தான். ஆகஸ்ட் முழுவதும் ஊர் மொத்தமும் மத்தி மீனைச் சுட்டுத் தின்று, குடித்து, பாட்டுப் பாடி, சர்ச் திருவிழாவில் ஆடியது. செப்டம்பர் ஒன்றாம் தேதி எல்லோரும் சாப்பாட்டுத் தூக்கோடு போய் நின்றார்கள். வாசலில் புதுச் சங்கிலி தொங்கியது. உள்ளே எட்டிப் பார்த்தால் தரையில் மெஷின்கள் நின்ற அடையாளம் மட்டும் இருந்தது. நாலு கால், நாலு எண்ணெய்க் கறை.

"நாங்க மீன் தின்னுக்கிட்டிருந்தப்ப லாரியில ஏத்தியிருக்காங்க" என்றாள் இடலீனா. "ராத்திரியில கூட இல்லை. பட்டப்பகல்ல. பாக்கத்தான் ஆள் இல்லை."

இந்த இடத்திலாவது ஒரு துளி கண்ணீர் விடட்டுமே என்று நினைத்தேன். அவள் விடவில்லை. சங்கிலியைப் பிடித்து இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, அதே தூக்கோடு நேராக வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றிருக்கிறாள்.

3

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். (என் பத்திரிகை ஆசிரியர் போனில் சொன்னார்: "சட்டமெல்லாம் வேண்டாங்க. வாசகர் அந்த இடத்துல பக்கத்தைப் புரட்டிடுவார்." தயவுசெய்து புரட்டாதீர்கள். கதையே இந்த ஆணியில்தான் தொங்குகிறது.)

வேலை போனவருக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. அதை வாங்கிக்கொண்டே இன்னொரு ஐரோப்பிய நாட்டுக்குப் போய் வேலை தேடலாம். முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் தாள் வாங்க வேண்டும். போன இடத்தில் ஒரு வாரத்துக்குள் பதிந்துகொள்ள வேண்டும். மூன்று மாதம் அவகாசம். வேலை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கெடு முடிவதற்குள் சொந்த நாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மீதி இருக்கும் உதவித்தொகை மொத்தமும் போச்சு.

இடலீனாவுக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் பாக்கி இருந்தது. புருஷன் அமாதேவுக்கு முழங்கால் போய் வருஷமாகிறது. அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்தத் தொகையால்தான்.

இந்த வருஷம் ஜூலையில் அவள் அர்லிந்துவுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, தாள் கைக்கு வந்துடுச்சு. ஆகஸ்ட் முதல் வாரம் வர்றேன்."

"அக்கா, உனக்குப் பைத்தியமா? ஆகஸ்ட்ல இங்க ஈ, காக்கா இருக்காது. நாங்களே அங்க வர்றோம். உங்க வீட்டுலதான் மொத நாள் சாப்பாடுன்னு என் வீட்டுக்காரி கிராசிந்தா முடிவே பண்ணிட்டா."

"வாங்க. அமாதேவு சமைப்பான். நான் அங்க இருப்பேன்."

"செப்டம்பர்ல வாக்கா! நானே கூட்டிக்கிட்டுப் போய் நாலு பேர்கிட்ட சொல்றேன். கெடு ஓட ஆரம்பிச்சிடும்ல, ஒரு மாசத்தை எதுக்கு வீணாக்கறே?"

"போன ஆகஸ்ட்ல சும்மா உக்காந்திருந்தேன் தம்பி. இந்த ஆகஸ்ட்ல உக்கார மாட்டேன்."

(இதுதான் அவள் செய்த தவறு. ஊருக்கே தெரிந்த விஷயத்தை வீம்புக்காகத் தெரியாததுபோல் நடந்துகொண்டாள். கதாசிரியனாக நான் அர்லிந்து பக்கம். கதையின் பக்கத்தில் நின்று பார்த்தால், இந்தத் தவறு இல்லையென்றால் கதையே இல்லை.)

4

பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடக்கே போகும் பேருந்தில் டிரைவரும் இடலீனாவும் மட்டும். எதிர்த் திசையில் லக்சம்பர்க், பிரான்ஸ், ஜெர்மனி எண் பலகை மாட்டிய கார்கள் தெற்கு நோக்கி முட்டி மோதிக்கொண்டு வந்தன. ஸ்பெயினில் பர்கோஸ் அருகே போன் அடித்தது.

"அக்கா, எங்க இருக்கே?"

"பர்கோஸ் பக்கத்துல."

"நாங்களும்தான்! கையைக் காட்டு, கையைக் காட்டு!"

இடலீனா எழுந்து நின்று கையை வீசினாள். டிரைவரும் ஹாரன் அடித்தான். எதிரே போன வெள்ளைக் காரில் யாரோ ஒரு குடும்பம் ஆனந்தமாகக் கையசைத்தது.

"பாத்தேன் தம்பி! புதுக் காரா? வெள்ளை நல்லாருக்கு!"

"எங்க கார் நீலம்க்கா."

5

எஷ் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவளுக்கு வாய்த்த அதிகாரி கார்லா என்ற பெண். இங்கேயே பிறந்து வளர்ந்த போர்த்துகீசியப் பெண்.

"ஆகஸ்ட்லயா வந்தீங்க?" என்றாள் கார்லா. "என் அப்பா அம்மாவே அங்கதான் இருக்காங்க."

"அப்ப இடம் காலியாத்தானே இருக்கும்."

"இடம் காலி இல்லைம்மா. இடத்தைக் காட்டற ஆள்தான் காலி."

உண்மைதான். இங்கே எங்கள் ஆட்களுக்கு வேலை கிடைப்பது வாய்வழியாகத்தான். ஒரு மச்சான் சொல்வான், ஒரு பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள், காபிக் கடையில் ஒருவர் சீட்டில் எண் எழுதிக் கொடுப்பார். ஆகஸ்டில் மச்சானும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரியும் இல்லை. காபிக் கடைக் கதவில் "செப்டம்பரில் சந்திப்போம்" என்ற அட்டை தொங்கும்.

அந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு இடலீனா நகரம் முழுக்க நடந்தாள். காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவாள். வந்ததும் கோசுக்கீரைக்குத் தண்ணீர். என் சட்டைகளை வேறு கயிற்றுக்கு மாற்றிவிட்டேன்.

(இந்த இடத்தில் ஆசிரியர் மறுபடி போன் செய்தார். "இவ்வளவு பிடிவாதக்காரியை யார் நம்புவாங்க? ஏதாவது ஒரு பலவீனம் வைங்க." உட்கார்ந்து யோசித்து, அவளுக்கு லிஃப்ட் என்றால் பயம் என்று எழுதினேன்: மூன்றாவது மாடிக்கான பொத்தானை அழுத்தும்போது அவள் விரல் — பிறகு கிழித்துப் போட்டேன். அவளுக்குச் சொந்தமாகவே ஒரு பலவீனம் இருந்தது, எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அவள் கண் முதலாளி முகத்துக்குப் போகாது. அவர் தோளுக்குப் பின்னால், மெஷின்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும். பேசுகிற மனிதனை அவளால் நம்ப முடியவில்லை. ஓடுகிற மெஷினைத்தான் நம்பினாள்.)

6

அப்படி ஒரு மதியம், அரவமே இல்லாத தெருவில் தையல் மெஷின் சத்தம் கேட்டிருக்கிறது. மற்ற மாதமாக இருந்தால் லாரியும் டிரில்லும் போடும் சத்தத்தில் அது காதில் விழுந்திருக்காது.

ஹோஸ் என்பவரின் பட்டறை அது. கால் கோணல், பாத வீக்கம் உள்ளவர்களுக்கு அளவெடுத்துக் காலணி செய்கிற இடம். எங்கள் ஆட்கள் யாரும் அங்கே வேலை பார்த்ததில்லை. செப்டம்பரில் வந்திருந்தால் அர்லிந்து அவளை அந்தத் தெருப் பக்கமே கூட்டிப்போயிருக்கமாட்டான்.

ஹோஸுக்குப் போர்த்துகீசியம் தெரியாது. இடலீனாவுக்குப் பிரெஞ்சில் காலை வணக்கம் மட்டும் தெரியும். மேஜைமேல் கிடந்த ஒரு மேல்தோலை எடுத்து, உள்பக்கத்தைத் திருப்பித் தடவிப் பார்த்தாள். அவர் எழுந்து ஒரு முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். கார்லாவுக்குப் போன் போட்டு, போனை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பேசினார்கள்.

"அம்மா, அவர்கிட்ட இப்ப தைக்கிறவர் அக்டோபர் கடைசியில ஓய்வு பெறப் போறாராம்," என்றாள் கார்லா. "அதுக்கப்புறம்தான் ஆள் வேணுமாம். அப்பப்ப வந்து முகத்தைக் காட்டுங்கன்னு சொல்றார்."

அன்று மாலை என் சட்டைமேல் தண்ணீர் சொட்டவில்லை. மேலே போய்ப் பார்த்தேன். இடலீனா சாப்பாட்டு மேஜையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். (தூங்கினாள் என்று எழுதலாம். அதற்குத் தடை இல்லை.)

அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை பட்டறைக்குப் போவாள். காலை வணக்கம் சொல்வாள். தோளுக்குப் பின்னால் பார்ப்பாள். மெஷின்கள் இருக்கும். திரும்பி வருவாள்.

7

செப்டம்பரில் கட்டடம் நிறைந்தது. படிக்கட்டெல்லாம் புகையிட்ட தொத்திறைச்சி வாசனை. அர்லிந்துவின் மனைவி கிராசிந்தா வந்ததும் வராததுமாக பால்கனிக்குப் போனாள்.

"அண்ணி, இது கோசுக்கீரையா, நெல்வயலா?"

பிறகு ஒரு வேலையும் கொண்டுவந்தாள். சாயங்காலம் அலுவலகங்களைச் சுத்தம் செய்வது. பதிவு கிடையாது, கையில் காசு.

"துடைக்கறதுக்கு எனக்குக் கூச்சம் இல்லை," என்றாள் இடலீனா. "ஆனா உதவித்தொகையையும் வாங்கிக்கிட்டு, மறைச்சு இதையும் வாங்க மாட்டேன். ஒழுங்கா எழுதிக் கொடுக்கச் சொல்லு, நாளைக்கே துடைக்கறேன்."

"மகாராணிக்கு வெள்ளித்தட்டுல வெச்சுக் கொடுக்கணும்," என்றான் அர்லிந்து.

"தட்டு வேண்டாம் தம்பி. மெஷின் போதும்."

எழுதிக் கொடுக்க யாரும் வரவில்லை. ஒழுங்கான இடங்களையெல்லாம் விடுமுறை முடிந்து வந்தவர்களின் மச்சான்மார்கள் பிடித்துவிட்டார்கள். அவகாசத்தை நீட்டித்துத் தரச் சொல்லி ஊருக்கு விண்ணப்பம் போட்டாள். (கதாசிரியனுக்கு இது அருமையான குறுக்குவழி. கடைசி நிமிஷத்தில் ஒரு கடிதம் வந்தது, சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால் பதில் அக்டோபர் நடுவிலேயே வந்துவிட்டது. நீட்டிப்பு இல்லை.)

அக்டோபர் கடைசி வாரம். கெடு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. ஞாயிறு போர்த்துகலில் இருக்க வேண்டுமென்றால் சனிக்கிழமை காலைப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். வியாழக்கிழமை ஹோஸ் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். கார்லா போனில் மொழிபெயர்த்தாள்: "திங்கட்கிழமை வாங்கங்கறார். ஒப்பந்தத்துல அன்னைக்குக் கையெழுத்து. மொதல்ல கொஞ்ச காலம் சோதனை, அப்புறம் நிரந்தரம்."

"இன்னைக்கே கையெழுத்துப் போடச் சொல்லு கண்ணு."

"கணக்குப் பாக்கற அம்மா திங்கட்கிழமைதான் வருவாங்களாம். அவர் வாக்குக் கொடுக்கறாராம்."

இடலீனா தன் கையைப் பார்த்தாள். போன வருஷம் ஜூலையில் ஒருவர் குலுக்கியதும் இதே கைதான்.

அன்று இரவு அமாதேவின் குரல் ஸ்பீக்கரில் கட்டடம் முழுக்கக் கேட்டது.

"வந்துடு இடா. கையில இருக்கறதை விடாதே. முதலாளி வாக்கு எப்படிப்பட்டதுன்னு நமக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"திங்கட்கிழமை அவன் மாத்திப் பேசினா? அங்க வேலையும் இல்லை, இங்க காசும் இல்லை. என் முழங்காலை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன் சொல்லு."

"அதையும்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"ஒரு வருஷக் காசு இடா!"

"ஒரு வருஷத்துக்கு அப்புறம் அமாதேவு?"

அவன் போனை வைத்துவிட்டான். கீழே நான் வேறு ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன்.

8

வெள்ளிக்கிழமை மாலை என் வீட்டுக்கு வந்தாள். "எப்படி முடிச்சிருக்கீங்க எழுத்துக்காரரே? படிங்க." மூன்று முடிவுகள் தயாராக இருந்தன. வாசித்துக் காட்டினேன்.

அ. இடலீனா பேருந்தில் ஏறுகிறாள். பர்கோஸ் வருகிறது. எதிரே ஒரு வெள்ளைக் கார் —

ஆ. திங்கட்கிழமை. ஹோஸ் பேனாவை நீட்டுகிறார். இடலீனா கையெழுத்திடுகிறாள். மெஷின் பாடத் தொடங்கு —

இ. திங்கட்கிழமை. பட்டறை வாசலில் ஒரு புதுச் சங்கிலி —

மூன்றாவதைக் கேட்டபோது மட்டும் அவள் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"ஒண்ணுல பஸ் என்னைக் கூட்டிக்கிட்டுப் போகுது. ரெண்டாவதுல அந்த ஆள் நல்லவரு. மூணாவதுல கெட்டவரு. இதுல நான் எங்கய்யா இருக்கேன்?"

நான் பேனாவை மூடினேன்.

"போன தடவை எங்க தப்பு எது தெரியுமா?" என்றாள். "அவர் வாக்கை நம்பினது தப்பில்லை. நம்பிட்டு, பாக்காம இருந்ததுதான் தப்பு. எத்தனையோ பேர் வேலை பாத்தோம். ஒருத்தி, ஒரே ஒருத்தி, ஆகஸ்ட்ல அந்தப் பக்கம் நடந்து போயிருந்தா லாரியைப் பாத்திருப்பா. லாரி முன்னாடி உக்காந்திருப்போம்."

"அதனால?"

"அதனால நீங்க இன்னும் நல்லா எழுதணும்."

சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

9

சனிக்கிழமை காலை, படிக்கட்டில் சூட்கேஸ் சக்கரங்கள் தடதடத்து இறங்கின. கிராசிந்தா அழுதாள். (கிராசிந்தா விஷயத்தில் எனக்கு எந்த நிபந்தனையும் இல்லை, தாராளமாக அழுதாள்.) அர்லிந்து, "நான் கார்ல கொண்டுபோய் விடறேன்க்கா" என்றான்.

"வேண்டாம். நடந்துக்கறேன்."

"கனமா இருக்கே!"

"சாப்பாடும் கம்பளியும்தான்."

எங்கள் தெரு முனையில் வழி இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் போனால் ரயில் நிலையச் சதுக்கம். போர்த்துகல் பேருந்து அங்கேதான் நிற்கும். வலப்பக்கம் போனால் ஹோஸின் பட்டறைத் தெரு. பட்டறைக்கு எதிரே ஒரு மர பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்தால் வாசலும் பின்கதவுச் சந்தும் ஒருசேரத் தெரியும். இரண்டு பகல் முழுக்க உட்கார வேண்டுமானால் சாப்பாடும் கம்பளியும் தேவைப்படும். போர்த்துகல் பேருந்துக்கும் அதே இரண்டும்தான் தேவை.

நான் பால்கனியில் நின்றிருந்தேன். இன்னும் பத்தடி போனால் அவள் திரும்புவாள். கதையின் முடிவு என் கண்ணெதிரே நடந்து போய்க்கொண்டிருந்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்த்துவிட்டால், அவளை நான் அங்கே கொண்டுபோய் விட்டதுபோல் ஆகிவிடும். அவள் அர்லிந்துவின் காரையே வேண்டாம் என்றவள்.

அவ்வளவுதான் கதை. ஆசிரியர் கோபித்துக்கொண்டார். "முடிவு எங்க?" என்றார். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் எழுதி அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலை. பழைய கயிற்றில் மறுபடி சட்டைகளை உலர்த்தியிருக்கிறேன். இனி பயமில்லை என்றுதான். கிராசிந்தாவுக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் கிடையாது. அர்லிந்துவுக்கு அங்கே செடி இருப்பதே தெரியாது.

என் சட்டையின் வலது தோள்பட்டை நனைந்திருக்கிறது. இடது தோளிலும் சொட்டுகிறது. யாரோ ஒரு தடவை ஊற்றிவிட்டு, போதாதென்று இரண்டாவது தடவை ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுதியிருந்த மூன்று முடிவுகளில் முதலாவதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மற்ற இரண்டும் மேஜைமேல் இருக்கின்றன. நாளை திங்கட்கிழமை. அந்தத் தெருவில் நானும் ஒரு நடை போய்ப் பார்க்கத்தான் போகிறேன். பெஞ்சில் இடம் இருக்கிறது. நீங்களும் வாருங்கள். பார்க்க ஆள் இருந்தால் போதும் என்பது அவள் கட்சி.